ஸ்பிரிங் குதிரையின் பாரம்

நம்பறவங்க நம்புங்க, நம்பாதவங்க சாப்பிட்ட எலையை எடுத்துப் போட்டுட்டுக் கெளம்புங்க, ஏன்னா நான் இதைச் சொல்லும்போது நடுவுல யாராச்சும் கேள்வி கேட்டா எனக்குச் சுருக்குனு கோபம் வரும், கோபம் வந்தா கொழம்புல உப்பு தூக்கலாப் போயிரும், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது. சங்ககிரியில லாரிப் பட்டறைங்க வரிசையா இருக்கற இந்த ரோட்டுல நான் மெஸ் நடத்தறேன், பாவாயி மெஸ்ஸுன்னா கேரளாவுக்கு அரிசி ஏத்திப் போறவனுக்கும் தெரியும், ஆந்திராவுலருந்து மொளகா ஏத்தி வர்றவனுக்கும் தெரியும். மெஸ்ஸுக்கு அடுத்த சுவரு அர்த்தனாரியோட பட்டறை. அங்க நடந்ததைத்தான் சொல்லப்போறேன், நான் கண்ணால பாத்ததை.

அர்த்தனாரிக்கு வேலை லாரிக்குக் கமான் பட்டை கட்டறது. லாரிக்கு அடியில வளைவா ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கியிருக்குமே, பாரம் ஏறுனா தாழ்ந்து, எறக்குனா நிமுந்துக்குமே, அந்த இரும்பு. ஓவர் லோடு ஏத்தி ஏத்திப் பட்டை படுத்துப்போச்சுன்னா அவன்கிட்ட வருவாங்க, அவன் அதைக் கழட்டி நெருப்புல போட்டு அடிச்சு மறுபடியும் வளைவு ஏத்துவான், அதுக்கும் தாங்காதுன்னா இன்னொரு பட்டை சேர்ப்பான். பாரம் கூடுனாப் பட்டை சேரு, அவ்வளவுதான் அவனுக்குத் தெரிஞ்ச தொழில், அவங்கப்பனுக்கும் அதுதான் தெரியும், இந்த ரோட்டுல எல்லாருக்கும் அதுதான் தெரியும். பாரத்தைக் கொறைச்சு ஏத்துங்கடான்னு இந்த ஊர்ல இதுவரைக்கும் யாரும் யாருகிட்டயும் சொன்னதில்லை.

அவன் பொண்டாட்டி சிந்தாமணி. ரெண்டு பேருக்கும் ஒரே புள்ளை, கோகிலா, கோகின்னு கூப்புடுவோம். மூணு வயசு நெறைஞ்சு கொஞ்ச நாள்ல காய்ச்சல் வந்துச்சு, நாமக்கல்லுக்குத் தூக்கிட்டு ஓடுனாங்க, சேலத்துக்குத் தூக்கிட்டு ஓடுனாங்க, திரும்பி வரும்போது போர்வையில சுத்தித்தான் கொண்டுவந்தாங்க. அதுக்கப்புறம் சிந்தாமணி தலை சீவறதை விட்டுட்டா, அடுப்புப் பத்த வெக்கறதை விட்டுட்டா, பட்டறைக்குப் பின்னாடி இருக்கற ஒத்தை ரூமுல சுவத்தைப் பாத்து உக்காந்திருப்பா. நான் போயி, "ஏம்மிணி, ஒரு வாய் தின்னு"ம்பேன், வாயைத் தொறப்பா, மென்னு முழுங்குவா, என்ன தின்னேன்னு கேட்டாச் சொல்லத் தெரியாது. அர்த்தனாரி இரும்பை அடிப்பான். அழுகை முட்டுனா இன்னும் ஓங்கி அடிப்பான், அந்த வருசம் அவன் கட்டுன பட்டையெல்லாம் நெம்ப உறுதின்னு டிரைவருங்க பெருமையாப் பேசுவாங்க. எனக்கு அதைக் கேக்கவே பத்திக்கிட்டு வரும்.

அப்படி இருக்கையில ஏற்காட்டுல ஒரு பழைய பங்களாவைக் காலி பண்ணி மரச்சாமானெல்லாம் ஏத்திட்டு வந்த டிரைவர் ஒருத்தர், பட்டை மாத்தறதுக்கு நின்ன எடத்துல, லாரிக்கு மேலருந்து ஒரு தகரக் குதிரையை எறக்கி வெச்சாரு. "இதை அங்க யாரும் வேண்டாம்னுட்டாங்க தம்பி. பழைய இரும்புக்குப் போட எனக்கு மனசு வரலை. ஸ்பிரிங் வெச்சதுங்கறதால உனக்கு ஆகுமேன்னு கொண்டாந்தேன்"னாரு. சின்னப் புள்ளை ஏறி உக்கார்ற அளவு குதிரை. குழாயை வளைச்சுச் செஞ்ச ஒரு சட்டம், அந்தச் சட்டத்தோட நாலு மூலையிலருந்து நாலு ஸ்பிரிங்குல குதிரையைத் தொங்க விட்டிருக்கும், ஏறி ஆடுனா காலு தரையில படாம மேலயும் கீழயும் முன்னயும் பின்னயும் துள்ளும். ஆனா அது வந்து சேந்தப்போ துள்ளற நெலமையில இல்லை, ஒரு பக்கம் சாஞ்சு தொங்குச்சு, ஒடம்பு பூராப் பச்சைப் பெயிண்டு, வால் இல்லை, ஒரு கண்ணு இல்லை. அர்த்தனாரி அதை மூலைக்குத் தள்ளி மேல கிழிஞ்ச தார்ப்பாயைப் போட்டு மூடிட்டான். கொழந்தைச் சாமானை அந்த வீட்டுல யாரு பாக்கறது.

அந்த ஆடி மாசத்துல லாரி ஸ்டிரைக் வந்துச்சு. ரோடு வெறிச்சோடிப் போச்சு, என் மெஸ்ஸுல ஈ கூட வரலை. அடிக்க இரும்பு இல்லாத அர்த்தனாரிக்குக் கை சும்மா கெடக்க மாட்டேன்னுச்சு, போயித் தார்ப்பாயை எடுத்தான், குதிரையை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டான். வேலையத்த தெரு மொத்தமும் சுத்தி உக்காந்துக்குச்சு. இது சர்க்கஸ்காரன் சாமான்னான் ஒருத்தன், இல்லை, போட்டோ ஸ்டூடியோவுல புள்ளைங்களை உக்கார வெச்சுப் படம் புடிக்கறதுன்னான் இன்னொருத்தன், பெயிண்டர் மாதேசன் மட்டும் இது நம்மூருத் தேர்க்குதிரை போட்ட குட்டின்னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வெச்சான். அர்த்தனாரி ஸ்பேனரை ஒவ்வொண்ணா வெச்சுப் பாத்தான், நம்ம ஸ்பேனர் எதுவும் அந்த போல்ட்டுல உக்காரலை. அவங்கப்பன் வெள்ளைக்காரன் காலத்து லாரிங்களுக்குன்னு வெச்சிருந்த பழைய ஸ்பேனரை எண்ணெய் டப்பாவுக்குள்ளருந்து எடுத்து வெச்சான், கச்சிதமா உக்காந்துச்சு. "சீமைச் சாமான்"னான்.

அப்புறம் பெயிண்டைச் சுரண்ட ஆரம்பிச்சான். பச்சைக்கு அடியில செவப்பு இருந்துச்சு, செவப்புக்கு அடியில நீலம், நீலத்துக்கும் அடியில வெள்ளை, வெள்ளையில காப்பிக்கொட்டை நெறத்துல பெருசும் சிறுசுமாப் புள்ளி. "ஒவ்வொரு பெயிண்டுக்கும் ஒரு புள்ளை இருந்திருக்கும் போல"ன்னான் மாதேசன், இந்தத் தடவை யாரும் சிரிக்கலை. வயித்துக்கு அடியில லாடம் மாதிரி ஒரு முத்திரை, அதுக்குள்ள எழுத்து தேஞ்சு போயி ஒரு நம்பர் மட்டும் மிச்சம். கைப்புடியில பெயிண்டே இல்லை, எத்தனையோ புள்ளைங்க புடிச்சுப் புடிச்சு இரும்பு பளபளன்னு வெளிய தெரிஞ்சுச்சு. ஸ்பிரிங்குல மூணு ஒரே சாதி, நாலாவது யாரோ சைக்கிள் சீட்டுலருந்து கழட்டி ஒப்பேத்தி வெச்சது, அதனாலதான் குதிரை சாஞ்சு நின்னுருக்குது. நல்ல ஸ்பிரிங்கைக் கழட்டிக் கம்பியோட கனத்தைப் பாத்தான், சுத்தை எண்ணுனான், கொக்கியில பாரம் தொங்க விட்டு எவ்வளவு நீளுதுன்னு பாத்தான். "இது ரெண்டு வயசுலருந்து அஞ்சு வயசு வரைக்கும் இருக்கற புள்ளைங்களுக்குன்னு செஞ்சது. அதுக்கு மேல இது தாங்காது, எறக்கி விட்டுரணும்"னான், எங்ககிட்டயும் இல்லாம யாருகிட்டயும் இல்லாம. உள்ள ரூமுல சிந்தாமணி சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தா, அவ காதுல விழுந்துச்சோ என்னமோ.

ஸ்டிரைக் நடந்த நாளெல்லாம் அவனுக்கு அதே சோலி. நசுங்குன எடத்தை உள்ளருந்து தட்டித் தட்டி எடுத்தான், துருப்புடிச்ச ஓட்டையைத் தகரம் வெச்சு ஒட்டுனான், கம்பியைச் சுத்திச் சூடு காட்டி எண்ணெயில எறக்கி நாலாவது ஸ்பிரிங்கை மத்த மூணுக்கும் ஒப்பாச் செஞ்சான். மாதேசன் வெள்ளை அடிச்சு, பழைய புள்ளி எங்கெங்க இருந்துச்சோ அங்கங்கயே புதுப் புள்ளி வெச்சான். கண்ணுக்கு ஒரு கோலிகுண்டு. வாலுக்கு நான்தான் சணலை முறுக்கிக் குடுத்தேன், நல்லாவே இல்லைன்னு எல்லாரும் சொன்னாங்க, ஆனா அதைத்தான் கட்டுனாங்க.

கடைசியில ஒரு காத்தால, தெருவே பாக்க, குதிரையைச் சட்டத்துல மாட்டுனான். நாலு ஸ்பிரிங்கும் இழுத்துப் புடிச்சுக் குதிரை மேல கிண்ணுனு நின்னுச்சு. நாங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே அது எறங்குச்சு. தொபுக்குனு இல்லைங்க, ஒரு புள்ளை மிதியில கால் வெச்சு, இன்னொரு காலைத் தூக்கி அக்கட்டப் போட்டு, நவுந்து நவுந்து உக்காந்தா எப்படி எறங்குமோ அப்படி, மொதல்ல இக்கட்டச் சாஞ்சு, அப்புறம் நேராகி, நாலு ஸ்பிரிங்கும் ஒட்டுக்கா நீண்டு நின்னுச்சு. குதிரைமேல யாரும் இல்லை. அப்புறம் அது கிறீச் கிறீச்சுனு ஆட ஆரம்பிச்சுச்சு.

அர்த்தனாரி குனிஞ்சு கொக்கியைப் பாத்தான், ஸ்பிரிங் நீண்டதைப் பாத்தான். "பன்னெண்டு கிலோ இருக்கும்"னான்.

"பன்னெண்டரை"ன்னு பொறகால ஒரு குரல் கேட்டுச்சு. சிந்தாமணி எந்திரிச்சு வந்து ரூமு வாசல் நெலவைப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தா. "கடைசியா அங்கன்வாடியில நிறுத்தப்பப் பன்னெண்டரை இருந்தா"ன்னா. அப்புறம் கிட்ட வந்து, குதிரையோட முதுகுக்கு மேல, ஒரு புள்ளையோட தலை எங்க இருக்குமோ அந்த எடத்துல கையை வெச்சா. கை அங்கயே நின்னுச்சு. நாங்க ஸ்டிரைக் எப்ப முடியும்னு பேசிட்டிருந்தோம், அதையே பேசிக்கிட்டு எந்திரிச்சுப் போனோம், வேற என்ன பண்றது, பெத்தவ புள்ளையைத் தொட்டுட்டு நிக்கற எடத்துல நமக்கென்ன வேலை.

அதுக்கப்புறம் கோகி இந்தத் தெருவுலதான் இருந்தா. புள்ளைங்க மொதல்ல ஏறப் பாத்துச்சுங்க, ரெண்டு பேரு பாரம் தாங்காம குதிரை கீழ இடிச்சுச்சு, அதுனால கோகி வெளாடட்டும்னு விட்டுட்டு, அப்பப்ப வந்து தள்ளி மட்டும் விட்டுச்சுங்க. இது பேயா இருக்குமோன்னு ஒரு பேச்சுக் கெளம்புனப்ப மாரியம்மன் கோயில் பூசாரி வந்து பாத்துட்டு, பேய்க்கு எடை கெடையாது, எடை இருந்தா அது புள்ளைதான்னு சொல்லித் திருநீறைச் சேணத்துல பூசிட்டுப் போனாரு, அதோட அந்தப் பேச்சும் அடங்குச்சு. அங்கன்வாடி டீச்சர் சத்துமாவு உருண்டை குடுத்து விட்டாங்க. சொட்டு மருந்து போடற நாள்ல நர்சம்மா பொட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து, கோகி பேரைச் சொல்லி, கைப்புடிக்கு மேல அந்தரத்துல ரெண்டு சொட்டு விட்டுச்சு, கீழ ஈரம் படலை, கைப்புடியில நகத்துக்கு வெக்கற மையை வெச்சுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருச்சு. டிரைவருங்க தூரத்து லோடு ஏத்துனா, கெளம்பறதுக்கு முன்னாடி பட்டறைக்குள்ள எட்டிப் பாத்து, "கோகி, மாமன் போயிட்டு வரட்டுமா"ம்பாங்க, குதிரை ஆடுனா நிம்மதியாப் போவாங்க, ஆடாம நின்னா இன்னொரு டீயைக் குடிச்சுட்டு ஆடற வரைக்கும் உக்காந்திருப்பாங்க. எனக்கு அதுல நாலு டீ சேத்து வித்துச்சு, ஒளிப்பானேன். நானும் தெனமும் காத்தால உள்ளங்கை அளவுல ஒரு தோசை சுட்டு, ஓரத்துல சர்க்கரை தூவிக் குடுத்து விடுவேன்.

சிந்தாமணி தலை சீவுனா, பூ வெச்சா, அடுப்புப் பத்த வெச்சா. சாய்ங்காலமானாக் குதிரைக்குப் பக்கத்துல முக்காலியைப் போட்டு உக்காந்து ரோட்டுல போற லாரியையெல்லாம் காட்டி, இது மஞ்ச லாரி, இது மாட்டுத் தீவன லாரின்னு சொல்லிக்கிட்டிருப்பா. ஒரு நாள் என்கிட்ட வந்து, "ஏனுங்க்கா, புள்ளைக்குக் குடுக்கற பால்ல இப்படித் தண்ணியை ஊத்தறீங்களே"ன்னு சண்டைக்கு நின்னா. நானும் விடலை, ஏகமாப் பேசிட்டேன், அவளும் பேசுனா. அவ போனதுக்கப்புறம் அடுப்படியில உக்காந்து அழுதேன். செத்த மாதிரி கெடந்தவ என்கூடச் சண்டை போட வந்துட்டாளேன்னு எனக்கு அவ்வளவு சந்தோசம்.

ஆனாக் கோகி வளந்தா. அதை நாங்க யாரும் ரோசனை பண்ணவே இல்லை. மொத வருசம் மாரியம்மன் நோம்பிக்குக் குதிரை நின்ன ஒயரத்துல அடுத்த நோம்பிக்கு நிக்கலை, ஒரு விரக்கடை தாழ்ந்திருந்துச்சு, அப்புறம் ரெண்டு விரக்கடை. ஆடும்போது வயிறு சட்டத்துல இடிச்சு ணங்குனு கேக்க ஆரம்பிச்சுச்சு. அர்த்தனாரிக்குப் பாரம் ஏறுது, அவ்வளவுதான் தெரியும். நாலு ஸ்பிரிங்குக்குப் பக்கத்துல இன்னும் நாலு சேத்தான். குதிரை மேல ஏறுச்சு, சிந்தாமணி சந்தோசப்பட்டா. திரும்பவும் தாழ்ந்துச்சு, கனமான கம்பியில ஸ்பிரிங் சுத்திப் போட்டான். மறுபடியும் தாழ்ந்துச்சு, லாரிக்குப் போடற ஸ்பிரிங்கையே வெட்டிச் சின்னது பண்ணி மாட்டுனான். அப்புறம் குதிரை தாழவே இல்லை. ஆடவும் இல்லை. மலை ஏறுற லாரியே தாங்கற ஸ்பிரிங்கை ஒரு புள்ளை எப்படிங்க ஆட்டும். கிறீச் சத்தம் நின்னு போயிப் பட்டறை அமைதியாயிருச்சு.

சிந்தாமணி மெஸ்ஸுக்கு வந்து என் கல்லாப் பக்கத்துல நின்னா. மொகம் பழைய மாதிரி ஆயிருந்துச்சு. "பாவாயக்கா, எம்புள்ளை எங்கூடப் பேச்சை நிறுத்திட்டா. உக்காந்திருக்கறா, பாரம் இருக்குது, ஆனா ஆட மாட்டேங்கறா. நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு தெரியலைங்க்கா"ன்னா.

எனக்கு வாய் கம்முனு இருக்காது. "அஞ்சு முடியப் போற புள்ளையை இன்னும் ஆடற குதிரைமேலயே உக்கார வெச்சிருந்தா அது எப்படி அம்மிணி வெளாடும்? எறங்கி ஓடற வயசு அது"ன்னுட்டேன்.

அவ என்னைப் பாத்த பார்வை இருக்குதே. "எறங்குனா எங்கீங்க்கா போவா?"ன்னு கேட்டா. தோசைக்கல்லைத் தொடைக்கற மாதிரித் திரும்பிக்கிட்டேன்.

ஆனா நெஞ்சு கேக்காம அர்த்தனாரிகிட்டப் போயி, "ஏண்டா, லாரிக்குப் பண்றதையெல்லாம் பெத்த புள்ளைக்கும் பண்ணி வெச்சிருக்கறயே, உனக்கு அறிவு இருக்குதா"ன்னு சத்தம் போட்டேன். அவன் சுத்தியலைக் கீழ வெச்சான். "தெரியுதுங்க்கா. தாழ விட்டாக் காலு தரையைத் தொட்டுரும். தொட்டா எறங்கிருவா. அவ எறங்கிட்டா நான் இவளை எப்படிங்க்கா காப்பாத்துவேன்?"னான். அப்புறம் அந்தப் பெரிய ஆளு, கரி அப்புன கையால மொகத்தை மூடிக்கிட்டு அழுதான். நான் திட்ட வந்ததை மறந்துட்டேன்.

அவன் ஒண்ணும் சும்மா இருக்கலை, பாவம். லாரித் தகரத்தை வெட்டி, பெரிய புள்ளைங்க ஏறுற மாதிரி ஒரு பெரிய குதிரை செஞ்சான், மாதேசன் அதே மாதிரிப் புள்ளி வெச்சான், பத்து வயசு வரைக்கும் தாங்கற ஸ்பிரிங் போட்டுச் சின்னக் குதிரைக்குப் பக்கத்துலயே மாட்டுனான். சிந்தாமணி ரெண்டுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு, "இதுக்கு வா சாமி, அம்மா புடிச்சுக்கறேன், இங்க மாறி உக்காரு"ன்னு நாளெல்லாம் கெஞ்சுனா. பெரிய குதிரை கிண்ணுனு நின்னது நின்னபடியே நின்னுச்சு. ஒரு மயிரிழை தாழலை. சாய்ங்காலம் அவனே அதைக் கழட்டி உள்ள கொண்டுபோயிச் சாத்துனான்.

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறந்தாங்க. பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அக்கட்ட இருக்குது, எங்க தெருப் புள்ளைங்க எல்லாம் பட்டறை வாசல் வழியாப் போயித்தான் ரோட்டைத் தாண்டணும். கோகி வயசுப் புள்ளைங்க, அவகூட ஒட்டுக்கா இந்த மண்ணுல தவழ்ந்த புள்ளைங்க, புதுப் பையை மாட்டிக்கிட்டு ஒண்ணாங் கிளாஸுக்குப் போச்சுங்க. அதுங்க வாசலைத் தாண்டும்போது குதிரை நடுங்குச்சு. ஆடலை, அந்த ஸ்பிரிங்குல ஆட முடியாது, நடுங்குச்சு, மேல உக்காந்திருக்கறவ எட்டி எட்டிப் பாத்துத் தவிச்சா எப்படி இருக்குமோ அப்படி. கடைசிப் புள்ளை அக்கட்டப் போயிச் சேர்ற வரைக்கும் நடுங்கிட்டு அப்புறம் நின்னுச்சு. மறுநாளும் அப்படித்தான், அதுக்கு மறுநாளும் அப்படித்தான். சிந்தாமணி முக்காலியில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. அவகிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலை, நான் கூடச் சொல்லலை, என் வாயை நான் அடக்குனது அந்த ஒரு தடவைதான்.

திங்கக்கெழமை காத்தால, புள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி, அவ எந்திரிச்சு அர்த்தனாரிகிட்டப் போனா. நான் தோசையைக் குடுக்கறதுக்கு வந்து அங்கதான் நின்னேன்.

"ஏனுங்க, கழட்டிருங்க"ன்னா.

"எதை?"ன்னான், அவனுக்குத் தெரியாமயா கேட்டான்.

"நீங்க சேத்தது எல்லாத்தையும். மொதல்ல இருந்த நாலு போதும்."

"சிந்தாமணி, கழட்டுனா..."

"தெரியுமுங்க"ன்னா. "புள்ளை போகணுங்கறா. என்னால அதைப் பாத்துட்டு உக்கார முடியலை."

அவன் ஸ்பேனரை எடுத்தான். அன்னிக்கு போல்ட்டுல ஸ்பேனர் உக்காரவே நேரமாச்சு. ஒவ்வொரு ஸ்பிரிங்காக் கழட்டிக் கீழ வெச்சான். அவ குதிரைக்கு உள்பக்கம், ரூம் வாசலைப் பாத்த பக்கம், ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நின்னா, எறங்கற புள்ளையை வாங்கறதுக்கு நிப்போமே, அப்படி. குதிரைக்கு அந்தப் பக்கம் ரோடு. கனமான ஸ்பிரிங்கெல்லாம் போயி, சேத்த ஸ்பிரிங்கெல்லாம் போயி, பழைய நாலுல பாரம் எறங்கறப்போ குதிரை மெதுவாத் தாழ்ந்து தாழ்ந்து, வயிறு சட்டத்துல ணங்குனு உக்காந்துச்சு. அவ்வளவு பெருசா வளந்திருந்தா புள்ளை. நாங்க யாரும் பாக்காமலே வளந்திருந்தா.

ரோட்டோரமாப் புள்ளைங்க பேசிக்கிட்டே வர்ற சத்தம் கேட்டுச்சு.

"கோகி, காலு எட்டுது பாரு"ன்னா சிந்தாமணி. எப்படித்தான் சொன்னாளோ. "எறங்கிக்கோ சாமி. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

புள்ளைங்க வாசலைத் தாண்டிப் போச்சுங்க. குதிரை அசையலை. கடைசியா வந்ததும் போயிருச்சு. அப்புறம் குதிரை ஒரு பக்கமாச் சாஞ்சுச்சு, ஒரு நிமிசம் அப்படியே நின்னுச்சு, சடார்னு நாலு ஸ்பிரிங்கும் மேல இழுத்துக்கிச்சு. வெறுங்குதிரை மேலயும் கீழயும் குதிச்சுது, குதிச்சுது, கொஞ்சங்கொஞ்சமா அடங்கி நின்னுச்சு.

சிந்தாமணி கையை நீட்டுனபடியே நின்னுட்டிருந்தா. கையில எதுவும் வந்து சேரலை. கொஞ்ச நேரம் பாத்துட்டு, தலையைத் திருப்பாமலே, "எந்தப் பக்கங்க எறங்குனா?"ன்னு கேட்டா.

குதிரை எந்தப் பக்கம் சாஞ்சுச்சுன்னு நானும் பாத்தேன், அவனும் பாத்தான். அவ கண்ணுல தண்ணி கட்டியிருந்துச்சு, அதனால பாக்கலை. பொய் சொல்லுடா, உன் பக்கந்தான் எறங்குனா, உன்னைத் தொட்டுட்டுத்தான் போனான்னு சொல்லுடா, ஒரு பொய் சொன்னா உன் பட்டறையா இடிஞ்சு போயிரும்னு மனசுக்குள்ள அவனைக் கெஞ்சுனேன். அவனுக்கு எந்தப் பொய்யும் வரும், பாரத்துல மட்டும் வராது.

"ரோட்டுப் பக்கம்"னான்.

அவ அப்படியே சரிஞ்சு விழப் போறான்னு புடிக்கறதுக்குப் போனேன். அவ விழலை. "ரோட்டுப் பக்கமா, லாரி வருமே"ன்னா, என்னைத் தள்ளிவிட்டுட்டு ஓடுனா. செருப்பு இல்லாம, முந்தானை தரையில பெரள, நேரா நடு ரோட்டுல போயி நின்னு, ரெண்டு பக்கமும் ரெண்டு கையை நீட்டிக்கிட்டா.

ஈரோட்டுப் பக்கமிருந்து சிமெண்டு ஏத்தி வந்த லாரி, பிரேக் அடிச்ச அடியில டயர் தேஞ்சு பொகை வந்து, அவளுக்கு நாலடி தள்ளி நின்னுச்சு. டிரைவர் தலையை வெளிய நீட்டி என்னமோ வையறதுக்கு வாயைத் தொறந்தாரு. "கோகி ரோட்டைத் தாண்டறா"ன்னு நான் கத்துனேன். அவரு வாயை மூடிக்கிட்டாரு, இஞ்சினை நிறுத்துனாரு. அவருக்குப் பின்னாடி வந்தவனும் நிறுத்துனான். சேலத்துப் பக்கமிருந்து வந்த கர்நாடகா லாரிக்காரன் மட்டும் வெவரம் தெரியாம ஆரனை அமுக்குனான், மாதேசன் ஓடிப் போயி ஜன்னல்ல கையை வெச்சு என்னமோ சொன்னான், எந்தப் பாசையில சொன்னானோ, அவனும் இஞ்சினை நிறுத்திட்டு எறங்கி ரோட்டோரமா நின்னான். பஸ் நின்னுச்சு, ஆட்டோ நின்னுச்சு, பாலத்து வரைக்கும் வண்டிங்க நின்னுச்சு. சங்ககிரியில அந்த ரோட்டுல அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. ரோட்டுக்கு அக்கட்டப் பள்ளிக்கூடத்துல பிரேயர் பாடறது கேட்டுச்சு.

ஒரு அஞ்சு வயசுப் புள்ளை அந்த ரோட்டைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்? ஓடிப் போயிருந்தா எப்பவோ போயிச் சேந்திருக்கும். ஆனா சிந்தாமணிக்கு அஞ்சு வயசுக் கோகியோட நடை தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் மூணு வயசு நடை, ரெண்டு எட்டு வெச்சு நிக்கற நடை, கல்லைக் கண்டாக் குனிஞ்சு எடுக்கற நடை, திரும்பித் திரும்பி அம்மா வர்றாளான்னு பாக்கற நடை. அந்த நடைக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அவ கையை நீட்டிக்கிட்டு நின்னா, நாங்களும் நின்னோம். வெயில் ஏறுச்சு. ஒருத்தரும் போகலாமான்னு கேக்கலை.

அப்புறம் அர்த்தனாரி போயி அவ பக்கத்துல நின்னான். "இப்ப வேகமா நடப்பா சிந்தாமணி. பெரிய புள்ளை ஆயிட்டா. போயிச் சேந்திருப்பா"ன்னான்.

"திரும்பிப் பாத்தாளாங்க?"ன்னு கேட்டா.

அதைச் சொல்றதுக்கு ஸ்பிரிங் எதுவும் இல்லை. அவன் அவ தோள்ல கையை வெச்சான். அவ ஒரு கையை எறக்குனா. இன்னொரு கையை எறக்கறதுக்கு அவளுக்கு இன்னுங் கொஞ்ச நேரம் ஆச்சு, அது வரைக்கும் வண்டிங்க எல்லாம் நின்னுச்சு.